எட்டாவது லேன்

ஜனவரி 22, திங்கள்

வைவா தேதி வந்துவிட்டது. பிப்ரவரி 16, வெள்ளிக்கிழமை, காலை பதினொரு மணி, துறையின் கருத்தரங்கக் கூடம். பொது வாய்மொழித் தேர்வு. யார் வேண்டுமானாலும் வரலாம், யார் வேண்டுமானாலும் கேள்வி கேட்கலாம் என்று அறிவிப்பில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கைடு சார் தாளை நீட்டி, "என்ன டாக்டர் ஜெபக்கனி, ஆறு வருஷம் ஓடிப்போச்சு பாத்தீங்களா?" என்றார். லேபில் எல்லோரும் கை தட்டினார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றேன்.

சந்தோஷப்பட வேண்டிய நாளில் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதனால்தான் இந்த நோட்டை ஆரம்பிக்கிறேன்.

சாயங்காலம் என் வீட்டுக்காரர் ஆல்வின் வேலையிலிருந்து வந்து செய்தியைக் கேட்டதும் விருந்தாளிக் கணக்கு போட ஆரம்பித்துவிட்டார். பாளையங்கோட்டைப் பெரியப்பா வீடு, நாசரேத் அத்தை வீடு, அவர் ஆபீஸ் ஆட்கள். அறுபது பேருக்குப் பிரியாணி. நடுவில் நிறுத்தி, "ஏ கனி, நீ என்னத்தக் கண்டுபிடிச்சன்னு எவனாவது கேட்டா நான் என்ன சொல்ல?" என்றார்.

சொன்னேன். செடியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மைட்டோகாண்ட்ரியா என்று ஒன்று இருக்கிறது, செல்லுக்குச் சக்தி தருவது அதுதான். ஆதியில் அது தனியாகத் திரிந்த பாக்டீரியா. அதனால் அதற்கென்று சொந்த ஜீன்கள் உண்டு. கோடிக்கணக்கான வருடங்களில் அந்த ஜீன்கள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டிக்கொண்டு, செல்லின் நடுவில் இருக்கும் நியூக்ளியஸுக்குக் குடிபோயிருக்கின்றன. செடிகளில் இன்னமும் போய்க்கொண்டிருக்கின்றன. மணிமுத்தாறு பக்கம் நான் பறித்துவந்த ஒரு காட்டுப்பயறில் அப்படி ஒரு ஜீன் குடிபோயிருப்பதை நான் கண்டுபிடித்தேன்.

"அப்ப வீட்டோட மாப்பிள்ளைன்னு சொல்லு" என்றார். சிரிப்பு வந்தது. இவ்வளவு நாளில் இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

ஜனவரி 23, செவ்வாய்

வைவா புடவைக்குப் பிளவுஸ் தைக்கக் கொடுத்தேன். மயில் கழுத்து நிறம்.

ஜனவரி 25, வியாழன்

ஹிதாயாவுக்கு இன்றும் ஒன்றும் வரவில்லை.

நூருல் ஹிதாயா எனக்கு அடுத்து வந்தவள். கடையநல்லூர்க்காரி. பள்ளிக்கூட டீச்சர் வேலையை விட்டுவிட்டு ஆராய்ச்சிக்கு வந்தாள். என் ஜீனின் அக்கம்பக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. நியூக்ளியஸுக்குக் குடிபோனது உண்மை என்றால் அங்கே இந்தப் பக்கம் ஒரு ஜீன், அந்தப் பக்கம் ஒரு ஜீன் என்று அக்கம்பக்கத்து வீடுகள் இருக்க வேண்டும். அதற்கு முதலில் நான் பிடித்த ஜீனை அவளும் பிடிக்க வேண்டும். எட்டு மாதமாகப் பிடிக்கிறாள், கிடைக்கவில்லை.

கைடு சார் எல்லோர் முன்னாலும், "ஜெபக்கனிக்கு முதல் மாசத்துலயே வந்துச்சு. உன் கையிலதான் ஏதோ கோளாறு. பைப்பெட்டைப் பிடிக்கவே தெரியலையோ என்னவோ" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அப்புறம் என்னிடம் வந்து, "அக்கா, நான் பண்ணுதத ஒரு தடவ பக்கத்துல நின்னு பாருங்களேன். எங்க தப்பு பண்ணுதேன்னு சொல்லுங்க" என்றாள்.

நின்று பார்த்தேன். தப்பே இல்லை. என்னைவிடச் சுத்தமாகச் செய்கிறாள். ஒவ்வொரு முறையும் கையுறை மாற்றுகிறாள். ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் மாதிரிகள் பக்கம்பக்கமாக ஓடும் தடங்கள்தான் லேன்கள், ஜீன் இருந்தால் அந்தத் தடத்தில் ஒரு கோடு தெரியும். கடைசி லேனில் தவறாமல் தண்ணீர் ஓட்டுகிறாள். செடியின் டி.என்.ஏ. எதுவும் போடாமல் வெறும் தண்ணீரை மட்டும் வைத்துச் செய்யும் சோதனை அது. அந்த லேனில் கோடு வரக்கூடாது. வந்தால் வேறு எதிலோ கலப்படம் என்று அர்த்தம். அவளுடைய தண்ணீர் லேன் எப்போதும் பளிச்சென்று காலியாக இருக்கிறது.

"விதைய மாத்திப் பாரு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜனவரி 28, ஞாயிறு

சர்ச். மதியம் துணி துவைத்தேன். பிறகு ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தைப் படித்தேன். வைவாவில் அதைத்தான் குடைவார்கள்.

வாதம் கெட்டியாகத்தான் இருக்கிறது. மைட்டோகாண்ட்ரியா தன் ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. நகல் எடுத்ததும், அந்த நகலில் சில எழுத்துகளைத் திருத்தும். நியூக்ளியஸுக்குக் குடிபோவது பெரும்பாலும் அந்தத் திருத்திய நகல்தான். ஆகவே திருத்திய எழுத்துகளோடு டி.என்.ஏ.வில் ஒரு ஜீன் கிடைத்தால் அது குடிபோனது. எனக்குக் கிடைத்தது. நூற்று முப்பத்தோராம் பக்கத்தில் ஜெல் படம் இருக்கிறது. ஏழு லேன்கள். ஏழு லேன்தான் போட்டேன்.

படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் அடுப்பில் பால் பொங்கிக் கருகிவிட்டது.

ஜனவரி 31, புதன்

மதியம் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவும்போது ஹிதாயா பக்கத்தில் வந்து நின்றாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். நம்ம ஜெல்லுல லேனுக்குக் குழி போடுத சீப்புக்கு எட்டுப் பல்லுல்லா. ஒங்க படத்துல ஏழு லேன்தான இருக்கு. எட்டாவதுல என்ன போட்டீங்க?"

"அது காலி."

"காலியா?"

"ஆமா, அதுல ஒண்ணும் போடல. ஓரத்துல ஓடுனா கோணலா வரும்."

"ஓ, சரிக்கா" என்று போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. ஆனால் சோப்பு நுரையோடு கையை நீட்டியபடி நான் எத்தனை நிமிடம் நின்றேனோ தெரியவில்லை. வேறொருத்தி வந்து, "தண்ணி போகுதுக்கா" என்று குழாயை மூடினாள்.

அவள் சும்மா கேட்டாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது.

பிப்ரவரி 2, வெள்ளி

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யார் படிக்கப் போகிறார்கள்.

ஜீன் கிடைத்த அந்த முதல் மாதம் நான் இரண்டு வேலையை ஒரே மேசையில் செய்தேன். காலையில் ஆர்.என்.ஏ.வை டி.என்.ஏ.வாக மாற்றி, திருத்திய நகலைக் குழாய் குழாயாகச் செய்துவைப்பேன். மதியம், துளித்துளியாக உறிஞ்சி எடுக்கும் அதே பைப்பெட்டால் செடியின் டி.என்.ஏ.வில் ஜீனைத் தேடுவேன். அந்த நகலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி எங்காவது தெறித்திருந்தால், அதுவும் திருத்திய எழுத்துகளைத்தான் காட்டும். குடிபோன ஜீனும் தெறித்த துளியும் பார்ப்பதற்கு ஒன்றுபோலவே இருக்கும். எங்கள் வேலையில் இப்படியும் ஒரு பொறி உண்டு. அதனால்தான் தண்ணீர் லேன்.

தண்ணீர் ஓடிய எட்டாவது லேனில் மங்கலாக ஒன்று தெரிந்தது. ரொம்ப மங்கல். பக்கத்து லேனிலிருந்து வழிந்திருக்கும் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். கைடு சார் அன்றைக்கே படம் கேட்டார், ஓரத்தைக் கத்தரித்துக் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். அந்தப் படத்தோடுதான் எங்கள் கட்டுரையும் வெளிவந்தது.

இன்று ஹிதாயாவுக்குக் கடிதம் வந்திருக்கிறது. ஒன்பதாம் தேதி அவளுடைய ஆராய்ச்சியை மதிப்பிடும் குழு கூடுகிறது. அதற்குள் ஜீனைக் காட்டாவிட்டால் அவளுடைய பதிவை ரத்து செய்யப் பரிந்துரைப்பதாகக் கைடு சார் சொல்லிவிட்டார். அவள் ஸ்டோர் ரூமில் கண்ணாடிக் குடுவைகளைத் துடைத்துக்கொண்டே அழுதாள். ஏற்கெனவே துடைத்த குடுவைகள் அவை.

பிப்ரவரி 3, சனி

ஃப்ரீசரின் அடித்தட்டில் என் பழைய நீல டப்பா கிடந்தது. மேலே என் பெயர் எழுதிய டேப். உள்ளே அந்தக் காலத்து ப்ரைமர், அதாவது ஜீனைத் தேடிப் பிடிக்கும் சின்னத் துண்டு. கூடவே நான் அப்போது பிரித்துவைத்த தண்ணீர்க் குழாய்கள்.

ஹிதாயாவிடம் கொடுத்தேன். "இத வச்சு ஒரு தடவ பண்ணிப் பாரு. புதுசு சில நேரம் சரியா வேலை செய்யாது" என்றேன்.

பிரசாதம் வாங்குகிற மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

பாவமாக இருந்தது, கொடுத்தேன். வேறு எந்த எண்ணமும் இல்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

வந்துவிட்டது.

ஜெல் அறையிலிருந்து "அக்கா!" என்று ஒரு கத்தல். ஓடினேன். இருட்டறை வெளிச்சத்தில் வரிசையாகக் கோடுகள். அவள் என்னைக் கட்டிப்பிடித்து அழுதாள். முக்காடு நழுவியதுகூட அவளுக்குத் தெரியவில்லை. "நீங்க இல்லன்னா நான் போயிருப்பேன்க்கா. சத்தியமா போயிருப்பேன்" என்றாள். கைடு சார் அல்வா வாங்கிவரச் சொன்னார். "கை பழகிடுச்சு பாத்தியா" என்று அவள் தலையில் தட்டினார்.

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். விழுங்கினேன். வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் வாந்தி எடுத்தேன். வெயில் என்று ஆல்வினிடம் சொன்னேன்.

பிப்ரவரி 7, புதன்

அவளுடைய தண்ணீர் லேனில் என்ன வந்தது என்று நான் கேட்கவில்லை.

பிப்ரவரி 9, வெள்ளி

குழு அவளை விட்டுவிட்டது. இன்னும் இரண்டு வருடம் கொடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்து வெளியே வந்த கைடு சார் நல்ல மனநிலையில் இருந்தார். அடுத்த கட்டுரையில் ஹிதாயாவின் பெயர்தான் முதலில் வருமாம். "ஜீன் குடிபோறதுல அதான் அழகு, ஜெபக்கனி. புது இடத்துல நகல் வேலை செய்ய ஆரம்பிச்சிருச்சுன்னா, அப்புறம் பழைய இடத்துல இருக்கறது கெட்டுப்போனாலும் செடிக்கு ஒரு குறையும் இல்ல. மெல்ல அழிஞ்சு காணாமப் போயிடும். உன் படமும் அப்படித்தான். இனிமே எல்லாரும் இவ படத்தைத்தான் போடுவாங்க" என்று சிரித்தார்.

அந்தப் பேச்சைக் கேட்டதும் முதுகிலிருந்து ஒரு சுமை இறங்கியது. உண்மை. இனி நூற்று முப்பத்தோராம் பக்கத்தை யாரும் தோண்ட மாட்டார்கள், தோண்டினால் அவளுடையதைத்தான் தோண்டுவார்கள் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். நான் இவ்வளவு மோசமானவள் என்று எனக்கே தெரியாது. பயமாக இருக்கிறது. வைவாவை நினைத்து மட்டும் அல்ல.

பிப்ரவரி 12, திங்கள்

வைவாவில் கூட்டத்திலிருந்து யாரும் எதுவும் கேட்காவிட்டால் நன்றாக இருக்காது. அதனால் எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு: நமக்குப் பதில் தெரிந்த கேள்விகளை நாமே எழுதி, வேண்டியவர்கள் கையில் கொடுத்துவைப்போம். தேர்வாளர்களுக்கும் இது தெரியும், கண்டுகொள்ள மாட்டார்கள். நான்கு துண்டுச்சீட்டு எழுதினேன். ஹிதாயாவுக்குக் கொடுத்தது: "இந்த ஜீன் நியூக்ளியஸுக்குச் சென்றுவிட்டது என்பதற்கு உங்களிடம் இருக்கும் வலுவான சான்று எது?" பதிலை மனப்பாடம் செய்துவிட்டேன். நான்கு வாக்கியம்.

"கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்துட்டு வாரேன்க்கா" என்றாள்.

பிப்ரவரி 14, புதன்

சாம்பல் புதன். காலை ஆராதனைக்குப் போய்விட்டு லேபுக்கு நேரம் கழித்துப் போனேன். ஹிதாயா லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள்.

"அக்கா, கட்டுரைக்குப் படம் ரெடி பண்ணுதேன். சரியான்னு பாத்துச் சொல்லுங்க."

திரையில் ஏழு லேன்.

"முழுப் படம் எங்க?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

திறந்து காட்டினாள். எட்டாவது லேன். தண்ணீர். கோடு மங்கல்கூட இல்லை, சுண்ணாம்பில் இழுத்த மாதிரி பளிச்சென்று நின்றது.

"மொதல்ல பயந்துட்டேன்க்கா" என்றாள் சாதாரணமாக. "அப்புறம் பொது கம்ப்யூட்டர்ல ஒங்க பழைய ஃபோல்டரத் திறந்து பாத்தேன். ஒங்க ஒரிஜினல்லயும் எட்டு லேன் இருக்கு, தண்ணியில கோடும் இருக்கு. ஆனா பேப்பர்ல ஏழுதான். எனக்கு வெளங்கிட்டு. ஓரத்துல வாரதெல்லாம் கணக்குல இல்ல, வெட்டிரணும் போல. அதான் நானும் வெட்டிட்டேன். கமிட்டியிலயும் இதத்தான் காட்டுனேன். சரிதானக்கா?"

அவள் என்னைக் குத்திக்காட்டவில்லை. அவள் முகத்தில் அப்படி எதுவுமே இல்லை. சீனியர் செய்ததைப் பார்த்துக் கற்றுக்கொண்டிருக்கிறாள், அவ்வளவுதான். நாளைக்கு அவளுக்கு ஒரு ஜூனியர் வருவாள். அவளும் பார்த்துக் கற்றுக்கொள்வாள்.

"ம்" என்றேன்.

எட்டு மாதம் சுத்தமாக இருந்த கை அது.

பிப்ரவரி 15, வியாழன்

பிளவுஸ் வந்தது. கை இறுக்கம். பிரித்துத் தைக்க நேரமில்லை. இரண்டு நாளாக ஒரு வாய் சோறு இறங்கவில்லை. ஆல்வின், "பரீட்சைன்னா எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும் கனி" என்று ரசம் வைத்துக்கொடுத்தார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். "உப்பு சரியா இருக்கு" என்றேன்.

பிப்ரவரி 16, வெள்ளி

கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் சொந்தக்காரர்கள், நாசரேத் அத்தை மடியில் சால்வைப் பையோடு. வெளித் தேர்வாளர் பெங்களூரிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள், வெள்ளை முடி, மெல்லிய குரல். நாற்பது நிமிடம் பேசினேன். ஏழு லேன் படம் திரையில் வந்தபோது வேகமாகத் தாண்டினேன். அந்த அம்மாள் எதையோ குறித்துக்கொண்டார். அப்புறம் ஒரு கேள்விதான் கேட்டார், லேசான கேள்வி. பதில் சொன்னேன். கைடு சார் முகமெல்லாம் சிரிப்பு.

"பொதுமக்கள் யாராவது கேட்க விரும்பினால் கேட்கலாம்" என்று அறிவித்தார்கள். மூன்று சீட்டுகளும் வரிசையாக எழுந்தன. மூன்றுக்கும் பதில் சொன்னேன். கடைசியாக ஹிதாயா எழுந்தாள். கையில் என் கையெழுத்தில் இருந்த சீட்டு. மேடைக் குரலில், ஒரு சொல் விடாமல் வாசித்தாள்: "இந்த ஜீன் நியூக்ளியஸுக்குச் சென்றுவிட்டது என்பதற்கு உங்களிடம் இருக்கும் வலுவான சான்று எது?"

வாசித்துவிட்டு, எப்படி என்பதுபோல என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

நான்கு வாக்கியமும் நாக்கில் இருந்தன. முதல் வாக்கியத்தை ஆரம்பித்தால் போதும், மற்றவை தானாக வந்துவிடும். அவளுடைய சிரிப்பைப் பார்த்தேன். இன்னும் இரண்டு மூன்று வருடத்தில் இதே இடத்தில் நின்று அவளும் ஏழு லேனைக் காட்டுவாள். அப்போது அவளும் அதை வேகமாகத் தாண்டுவாள்.

"என்கிட்ட சான்று இல்ல" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. திரும்பி, வெள்ளைப் பலகையில் எட்டுக் கட்டம் வரைந்தேன். எட்டாவது கட்டத்தில் ஒரு கோடு போட்டேன். "இது தண்ணீர். இதுலயும் கோடு வந்துச்சு. நான் படத்துல வெட்டிட்டேன். நான் பிடிச்சது குடிபோன ஜீன் இல்ல, என் மேசையில தெறிச்ச நகலா இருக்கலாம். ஹிதாயாவுக்குப் போன வாரம் வந்ததும் அதேதான், நான் குடுத்த டப்பாவுல இருந்து வந்தது. எட்டு மாசமா அவளுக்கு ஒண்ணும் வராம இருந்துச்சே, அதுதான் சரியான ரிசல்ட்."

மார்க்கரை மூடி வைத்தேன். கைடு சார் எழுந்து வெளியே போனார். வெள்ளை முடி அம்மாள் மட்டும், "உட்காருங்கள்" என்று தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். ஹிதாயா உட்காரவே இல்லை. சீட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

சொந்தக்காரர்கள் சத்தமில்லாமல் பிரியாணி சாப்பிட்டார்கள். பெரியப்பா ஆல்வினிடம், "மாப்ள, பாஸா இல்லையா? அத மட்டும் சொல்லு" என்று கேட்டார். ஆல்வின், "நீங்க கறிய எடுத்து வைங்க மாமா" என்றார். சால்வைப் பை பிரிக்கப்படாமல் வீட்டுக்கு வந்தது.

பிப்ரவரி 19, திங்கள்

ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கட்டுரையைத் திரும்பப் பெற எழுத வேண்டும். ஹிதாயாவின் விஷயத்தில் குழு மறுபடி கூடுமாம். என்ன ஆகும் என்று தெரியவில்லை. கைடு சார் என் வணக்கத்தை வாங்கிக்கொள்ளவில்லை.

என் மேசையைக் காலி செய்துகொண்டிருந்தேன். ஹிதாயா நீல டப்பாவைக் கொண்டுவந்து எதிரே வைத்தாள். மூன்று நாளில் அவள் முகம் சுருங்கிப்போயிருந்தது.

"இத எனக்குக் குடுத்தப்ப ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவள் நம்பியிருப்பாள். அதுதான் பயமாக இருந்தது.

"தெரியும்."

"நான் ஒங்களக் கட்டிப்பிடிச்சு அழுதேன்லா. அன்னைக்கும் தெரியுமா?"

"அன்னைக்கும் தெரியும்."

தலையை ஆட்டினாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன், திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். டப்பாவின் மேல் என் பெயர் இருந்த டேப்பை நகத்தால் உரித்தாள். புது டேப் ஒட்டி, மார்க்கரால் 'தண்ணீரிலும் வரும்' என்று எழுதினாள். ஃப்ரீசரில் எல்லோர் கண்ணிலும் படும் மேல்தட்டில் வைத்தாள். கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு, புதுக் கையுறை மாட்டிக்கொண்டு தன் மேசைக்குப் போனாள்.

பிப்ரவரி 3-ஆம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'வேறு எந்த எண்ணமும் இல்லை' என்று எழுதியிருக்கிறேன். அது பொய். கிழித்துவிடலாம் என்று பக்கத்தின் ஓரத்தைப் பிடித்தேன். பிறகு விட்டுவிட்டேன். அது அப்படியே இருக்கட்டும்.